படகில் வெள்ளைப் புள்ளி: மலையில் இருக்கிற நமக்கு என்ன கவலை?

 

தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரிப்பீர்கள். ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கும் ஊரில் ஏது படகு? இராவணன் எல்ல நீர்வீழ்ச்சியில் படகு விடவா போகிறோம்? சிரித்துவிட்டுக் கடைசிவரை வாசியுங்கள். இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைகளைப் பற்றியது.

கடந்த விடுமுறையில் குடும்பமாக அறுகம்பேக்குப் போயிருந்தோம். வெல்லவாய, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று இறங்கினால் பொத்துவில் மூன்று, மூன்றரை மணித்தியாலப் பயணம். எல்லயில் ஆள் குறையும் மாதங்களில் அறுகம்பேயில் சீசன் களை கட்டும். அதனால் மே மாதம் வந்தால் நமது ஊர்ப் பொடியன்மார் பலர் அங்கே வேலைக்கு இறங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களிடம் படித்த ஒரு தம்பியும் அப்படித்தான் போனவர். இரண்டு வருடம் விடுதியில் வேலை செய்துவிட்டு, இப்போது அங்குள்ள ஒருவரோடு பங்கு சேர்ந்து பழைய பைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். கடன் வாங்கித்தான். களப்பில் கண்டல் காட்டையும் முதலையையும் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிச் செல்வதற்கு.

எங்களைக் கண்டதும் ஓடி வந்து ஸலாம் சொன்னார். கை கொடுத்தபோதுதான் கவனித்தோம். விரல் நுனிகள் வெந்ததுபோல் தோல் உரிந்து கிடந்தன.

"என்ன தம்பி இது?"

"ஒண்ணுமில்ல சேர். போட்டுல வெள்ளை வெள்ளையாப் புள்ளி பூத்திருந்திச்சி. எவ்வளவு கழுவினாலும் போகல்ல. அசிட் போட்டா போகும் எண்டாங்க. போட்டேன்."

படகைப் போய்ப் பார்த்தோம். புள்ளி போயிருந்தது. கூடவே பளபளப்பும் போயிருந்தது. நீல நிறப் பக்கவாட்டில் சோக்கட்டித் தூள் அப்பியதுபோல் மங்கல். இரும்புப் பஞ்சால் தேய்த்த கீறல்கள் வெயிலில் தனியாகத் தெரிந்தன. கயிறு கட்டுகிற அலுமினியக் கொக்கி கறுத்துக் கிடந்தது. மலசலகூடம் கழுவுகிற அசிட்டை வாளியில் ஊற்றி, கையுறை இல்லாமல், வெறுங்காலோடு நின்று ஒரு பகல் முழுக்கத் தேய்த்திருக்கிறார். அது போதாதென்று கடைசியில் பிளீச்சும் ஊற்றப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர்தான் தடுத்தாராம். அல்ஹம்துலில்லாஹ். அசிட்டும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். நுரையீரலைப் பதம் பார்க்கும் நஞ்சு அது. மூடிய இடமாக இருந்திருந்தால் நாங்கள் வேறு விதமான பதிவு எழுத வேண்டி வந்திருக்கும்.

எங்களுக்குக் கோபம் அவர் மேல் வரவில்லை, எங்கள் மேல்தான் வந்தது. அமிலம், காரம், உப்பு என்று கரும்பலகையில் எழுதிக் கொடுத்தது நாங்கள். பரீட்சையில் அந்தத் தம்பி சரியாகத்தான் விடை எழுதியிருப்பார். ஆனால் அந்தப் பாடம் அவருடைய வாளி வரைக்கும் வந்து சேரவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் புள்ளி என்ன என்று பார்ப்போம்.

கடலிலிருந்து வந்த படகைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவுகிறார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் நடுப்பகல் வெயிலில் கழுவிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும். தண்ணீரில் கரைந்திருந்த கல்சியமும் மக்னீசியமும் ஆவியாகாது. ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் விட்டுச் செல்லும். கடல் உப்பென்றால் நல்ல தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். இது கரையாது, ஏனென்றால் இது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சுண்ணாம்புக் கல்லின் சொந்தக்காரன். நாளுக்கு நாள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, வெயிலில் வெந்து இறுகிப்போகும். சவர்க்காரம் போட்டாலும் அசையாது.

பைபர் படகின் வெளியே தெரிகிற நிறமும் மினுக்கமும் சாதாரண வர்ணப்பூச்சு அல்ல. ஜெல்கோட் என்று சொல்லும் பிசின் படை. அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். உள்ளே இருக்கும் கண்ணாடி இழைக்குத் தண்ணீர் போகாமல் காப்பது அந்த அரை மில்லிமீற்றர். நமது உடம்புக்குத் தோல் எப்படியோ அப்படி. கீறக் கீற அது மெலியும். மெழுகு போய், வெடிப்பு விழுந்து, கரடுமுரடான இடத்தில் அடுத்த முறை இன்னும் கூடுதலாக அழுக்குப் பிடிக்கும். அதைக் கழுவ இன்னும் கூடுதலாக அசிட் தேவைப்படும். கடனுக்கு வட்டி ஏறுவது போன்ற கதை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உதவியாகக் கொடுக்கப்பட்ட பைபர் படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன என்று அப்போதே பேசப்பட்டது. அந்தக் காலத்துப் படகுகள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய படகு வாங்குகிற தம்பிமார் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயதான தோலுக்கு மென்மையான கை வேண்டும்.

சரி, புள்ளியை எப்படி எடுப்பது? எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். செலவு அதிகமில்லை.

படகை நிழலுக்கு இழுங்கள், அல்லது காலை, மாலை நேரத்தில் செய்யுங்கள். சூடான மேற்பரப்பில் எதைப் போட்டாலும் காய்ந்து இன்னொரு கறையாகும். நல்ல தண்ணீரும் கொஞ்சம் கோப்பை கழுவும் சவர்க்காரத் திரவமும் போட்டு மணலையும் உப்பையும் முதலில் கழுவிவிடுங்கள். மணலோடு தேய்த்தால் அது அரத்தாள் போட்ட மாதிரி.

பிறகு வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். நிறம் மாறவில்லை என்றால், மெல்லிய துணியை அதில் நனைத்துப் புள்ளியின் மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒத்தி வையுங்கள். காய விடக்கூடாது. வினாகிரியில் இருக்கும் மென்மையான அமிலம் காபனேற்றைக் கரைத்துவிடும். உற்றுப் பார்த்தால் சின்னக் குமிழி வருவதும் தெரியும். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ச் சாறு. நமது உம்மாமார் பித்தளைச் சாமானைப் புளி போட்டு மினுக்கியதும் இதே கணக்குத்தான். துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த மென்துணியால் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். ஒருமுறையில் போகாவிட்டால் இரண்டாவது முறை செய்யுங்கள். பலத்தைக் கூட்ட வேண்டாம், பொறுமையைக் கூட்டுங்கள்.

எல்லாப் புள்ளியும் வினாகிரிக்கு அடங்காது. சிலிக்கா கலந்த கறை கரையாது. வெயிலில் வெந்து ஜெல்கோட்டையே அரித்த தடமும் போகாது. அதற்கு வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய மினுக்கும் களிம்பைக் கையால், சிறு வட்டமாக, அளவாகத் தேய்க்கலாம். அதுவும் ஜெல்கோட்டைக் கொஞ்சம் தேய்க்கத்தான் செய்யும், ஆகவே வருடத்தில் அடிக்கடி செய்கிற வேலை அல்ல. அப்படியும் போகாத புள்ளியை விட்டுவிடுங்கள். படகு ஓடுவதற்குப் புள்ளி தடையில்லை.

கடைசியாக மெழுகு. வினாகிரி பழைய மெழுகையும் கொண்டு போய்விடும், அதனால் புதிதாக ஒரு படை பூசத்தான் வேண்டும். மெழுகு பூசினால் தண்ணீர் முத்து முத்தாக உருளும், பார்க்க அழகாக இருக்கும். அந்த முத்தைத் துடைக்காமல் விட்டால் அதுவும் புள்ளியாகத்தான் காயும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மொத்தத்தில் விசயம் இவ்வளவுதான்: கழுவியதும் ஐந்து நிமிடம் துடைத்தால் புள்ளியே வராது. வந்த பிறகு எடுக்க ஒரு பகல் போகிறது, ஒரு போத்தல் அசிட் போகிறது, விரல் தோல் போகிறது.

"சேர், சொல்லிட்டுப் போறது லேசி. காலையில மூணு ட்ரிப், பின்னேரம் ரெண்டு ட்ரிப். துடைக்க எங்க நேரம்?" என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. சுற்றுலாப் பயணி படம் எடுத்துப் போடுகிறான், படகு மினுங்காவிட்டால் அடுத்த ஆள் பக்கத்துப் படகுக்குப் போகிறான். அசிட் மலிவு, வேகம். ஏழைக்கு நேரமும் காசுதான் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைக் கடைசி வரி வரைக்கும் போட வேண்டும். மங்கிப்போன ஜெல்கோட்டைத் திரும்பப் பூசக் கூலி, பூசி முடியும் வரை படகு கரையில் நிற்கும் நாட்கள், கறுத்த கொக்கிக்குப் பதில் புதியது, கைக்கு மருந்து. இதையெல்லாம் சேர்த்தால் மலிவு என்ற சொல் காணாமல் போகும். ஐந்து ட்ரிப் போனாலும், கடைசி ட்ரிப்புக்குப் பிறகு ஒரு துண்டுத் துணி எடுக்க நேரம் இருக்கும்.

இப்போது மலைக்கு ஏறி வருவோம்.

எல்லயில் படகு இல்லை. ஆனால் அதே வெள்ளைப் புள்ளி நம்மிடம் இருக்கிறது. குளியலறைக் கண்ணாடியில், குழாய் வாயில், கேத்தலின் அடியில், சூரிய வெந்நீர்த் தாங்கியில், வாடகைக்கு ஓடுகிற வேனின் கண்ணாடியில். பள்ளிவாசலில் வுழூ செய்கிற இடத்தில் குழாய்க்குக் கீழே ஓட்டுக்கல்லைப் பாருங்கள், அதே வெள்ளைப் பொருக்குத்தான். உவாவின் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல், டொலமைற் படைகள் ஆங்காங்கே ஓடுகின்றன. தேயிலைக் கன்றுக்குப் போடுகிற டொலமைற் தூளைத் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். மலையில் மழை நீர் ஊற்றாக வடிந்து வருகிற பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. ஆழக் கிணறு, குழாய்க் கிணறு என்று கீழே போகப்போகத் தண்ணீர் கல்லோடு கூடுதல் நேரம் இருந்துவிட்டு வருகிறது. கல்லையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது.

நமது தண்ணீர்க் கதையை மறந்துவிடக்கூடாது. 2014 டிசம்பர் கடைசியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் தண்ணீர் உடைத்துப் பாய்ந்த பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளில் வெடிப்பு விழுந்தது. பவுசர் வண்டியைப் பார்த்து வாளியோடு நின்ற காலம் நினைவிருக்கிறதா? 2017இல் பண்டாரவளையில் மக்கள் வீதிக்கு இறங்கியதும் அதனால்தான். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்து வைக்கப்பட்டது, 120 மெகாவாற் மின்சாரம் என்று செய்தி வந்தது. நல்லது. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரே ஊற்றை நம்பி வாழ்ந்த வீடுகள் பல, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத தண்ணீருக்கு மாறிப்போயின. கேத்தலில் வெள்ளை பிடித்தால் அது வெறும் அழுக்கு இல்லை. உங்கள் தண்ணீர் எங்கே இருந்துவிட்டு வந்தது என்று அது சொல்கிறது.

நமக்குப் பெரிய கவலை இந்தப் புள்ளிகளைத் தேய்ப்பவர்கள் யார் என்பதுதான். எல்லயில் ஒவ்வொரு விடுதியிலும், ஹோம்ஸ்டேயிலும் குளியலறை கழுவுகிறவர்கள் நமது வீட்டுப் பிள்ளைகள். லயத்திலிருந்து காலையில் நடந்து வருகிற அக்காமார். சாதாரண தரம் முடித்துவிட்டு முடிவு வரும்வரை வேலைக்குப் போகிற தம்பிமார். பத்து மணிக்கு ஆள் போய், இரண்டு மணிக்கு அடுத்த ஆள் வரும். அதற்குள் கண்ணாடி பளிங்குபோல் இருக்க வேண்டும். ஜன்னல் மூடிய சின்ன அறைக்குள், கையுறை இல்லாமல், அசிட் ஊற்றி. அறுகம்பேயில் திறந்த கடற்கரையில் தடுக்க ஒரு மீனவர் இருந்தார். இங்கே மூடிய அறைக்குள் யார் தடுப்பது?

ஊற்றுகிற அசிட் போகிற வழியையும் நினையுங்கள். மலசலகூடக் குழியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதில் சாகும். வடிகாலில் போனால் சரிவு வழியே கிரிந்தி ஓயாவுக்குத்தான். அந்தத் தண்ணீரை வெல்லவாயவிலும் தணமல்விலவிலும் இருக்கிறவர்கள் வயலுக்கு எடுக்கிறார்கள். மேலே இருப்பவனுக்கு இரட்டைப் பொறுப்பு.

எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். அசிட்டை வேலையாளின் கையில் கொடுத்துவிட்டு "கவனமாகச் செய்" என்று சொல்வது பொறுப்பு அல்ல. விடுதி நடத்துகிற நமது சகோதரர்களிடம் மூன்று விசயம் கேட்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு ரப்பர் வழிப்பானும் ஒரு காய்ந்த துணியும் வையுங்கள். தினமும் துடைத்தால் வெள்ளை பிடிக்காது. பிடித்ததற்கு வினாகிரி போதும்.

இரண்டு, கடும் அமிலம் தவிர்க்க முடியாத இடம் என்றால் கையுறை, செருப்பு, திறந்த ஜன்னல். பிளீச் அதே அலுமாரியில் இருக்கவே கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் அந்தப் போத்தலைக் கொடுக்காதீர்கள்.

மூன்று, அறைக்கு அறை இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள். வாடகையை உயர்த்தும்போது நாம் யாரும் யோசிப்பதில்லை. பத்து நிமிடத்துக்கு ஏன் யோசிக்க வேண்டும்?

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு வேலை செய்யப் போகிறோம். இந்தத் தவணையில் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டுத் தண்ணீரை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவருவார்கள். கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குவோம். மென்னீர் நுரைத்துத் தள்ளும். வன்னீரில் நுரை குறைந்து, தயிர் திரைந்த மாதிரிப் படியும். இன்னொரு சோதனை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பிளேன்டி ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய ஆடை படர்ந்தால் தண்ணீர் கடினமானது. உவாத் தேயிலையின் வாசனைக்கு உலகமே காசு கொடுக்கிறது. அதை ஊற்றுகிற நமது தண்ணீர் எப்படி என்று நமக்கும் தெரிந்திருக்கட்டும்.

பயம் காட்ட எழுதவில்லை. தண்ணீர் கடினமாக இருப்பது மட்டும் நோய் தரும் என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் அதற்கென்று சுகாதார எல்லை எதையும் வைக்கவில்லை. ஆனால் நமது பதுளை மாவட்டத்திலேயே கிராந்துருகோட்டைப் பக்கத்தில் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பம் தகப்பனை இழந்தது என்பதும் தெரியும். அந்த நோயின் காரணம் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வன்னீரோடு புளோரைட் சேர்வது சந்தேகப்படும் காரணங்களில் ஒன்று. புளோரைட்டைச் சவர்க்கார நுரை காட்டாது. ஆகவே குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டி ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாலைந்து வீடு சேர்ந்தால் பாரம் தெரியாது.

அந்தத் தம்பிக்குத் திரும்புவோம். அடுத்த நாள் காலையில் இரண்டு போத்தல் வினாகிரியும் ஒரு பழைய சாரத்துண்டும் எடுத்துக்கொண்டு போனோம். அசிட் படாத மறுபக்கத்தை, மர நிழலில், அவரோடு சேர்ந்து துடைத்தோம். ஒரு மணித்தியாலம் ஆனது. எங்கள் சின்ன மகளும் ஒரு மூலையைத் துடைத்தாள். வலப்பக்கம் மினுங்கியது. இடப்பக்கம் மங்கல்தான். அது இனி அப்படித்தான் இருக்கும், காசு சேர்த்துப் பூசும்வரை.

"இந்தப் பக்கத்தால ஆக்கள ஏத்துறேன் சேர்" என்று வலப்பக்கத்தைக் காட்டிச் சிரித்தார். விரல்களில் களிம்பு பூசிக் கட்டியிருந்தார்.

அவருடைய கடன் அடையவும் கை குணமாகவும் துஆச் செய்யுங்கள். அறுகம்பேயிலோ, திருகோணமலையிலோ, கட்டாரில் ஹோட்டலிலோ கழுவுகிற வேலை செய்யும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவு தொலைபேசியில் கதைக்கும்போது ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "கையுறை இருக்கா மகன்?"

இல்லை என்று சொன்னால், அடுத்த முறை காசு அனுப்பச் சொல்லாமல், முதலில் ஒரு சோடி வாங்கச் சொல்லுங்கள்.